கண்டி அரக்கும் குழந்தையின் கையும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைக்கிராமங்களிலே, தும்பறைப் பக்கத்து ஹுரிகடுவையிலும் மாத்தளைப் பக்கத்து ஹப்புவிடையிலும், தலைமுறை தலைமுறையாக அரக்கு வேலை செய்துவந்த கைவினைஞர்கள் ஈட்டித் தண்டுகளுக்கும் ஏட்டுச்சுவடிப் பலகைகளுக்கும் ஆலவட்டக் காம்புகளுக்கும் ஏற்றிய வர்ணங்கள் நூற்றாண்டு கடந்தும் மங்காதிருப்பது கண்டு வியப்போர் பலர். அவை எவற்றால் ஆனவை என்று விசாரிப்போர் மிகச் சிலர்.

விசாரித்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை விமர்சகராகப் பிரசித்தி பெறுவதற்கு முன்னர் இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதியின் தலைவராக இருந்தவராதலின், 1908இல் சிங்களக் கலை பற்றி அவர் வெளியிட்ட பெருநூல், வேலைப்பாட்டின் அழகை வருணிப்பதோடு அமையாது சாயப்பொருள்களையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி. சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம். அரிதாரத்தில் இருப்பது ஆர்சனிக்கு. நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கத் துணியாத பொருள்கள் இவை. அவற்றைப் பொடித்து, கரித்தணலில் இளகிய அரக்கோடு சேர்த்து, சுத்தியலால் அடித்து, இழுத்து, மடித்து, மீண்டும் இழுத்து, நிறம் ஒருபடித்தாகும் வரையில் உழைத்த அத்தொழிலாளியே அவ்விஷத்துக்கு முதலில் இலக்கானவன் என்பதை அவனது கலையைப் போற்றுகிற நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

அரக்கின் இடத்தைத் தகர டப்பாவில் அடைத்த எனாமல் பூச்சு பிடித்தபோது, அபாயம் பட்டறையை விட்டு வீட்டுக்குள் வந்தது. அதன் பெயர் ஈயம். இலங்கை பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த காலத்திலேயே, அதே சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், லொக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் வைத்தியர், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் பூச்சு உதிர்ந்து குழந்தைகளின் விரல்வழி வாய்க்குச் சென்று நஞ்சாவதை 1904இல் எடுத்துரைத்தார். குழந்தையின் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப்பூச்சைக் குவீன்ஸ்லாந்து 1922இல் சட்டத்தால் விலக்கியது. ஆயினும் அவ்வறிவு இந்து சமுத்திரத்தைக் கடந்து நம் கரை சேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. சுற்றாடல் நீதிக்கான மையம் கடைகளில் விற்ற பூச்சுக்களைச் சோதித்து நீதிமன்றத்தை நாடிய பின்னரே, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் கட்டளை பிறப்பித்தது. 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அக்கட்டளை, விளையாட்டுப் பொருள்களுக்கான பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேலும், எனாமல் பூச்சில் 600 பங்குக்கு மேலும் ஈயம் இருத்தலாகாது என்றது. தொட்டிலையும் நாற்காலியையும் கடித்துப் பழகும் குழந்தைக்கு, பொம்மை வேறு தளபாடம் வேறு என்னும் பேதம் ஏது? இரண்டிற்கும் ஒரே அளவை அன்றே விதித்திருக்க வேண்டுமென்பதே என் துணிபு. மேலும் அக்கட்டளை பேசியது ஈயத்தைப் பற்றியே. சாதிலிங்கமும் அரிதாரமும் அதன் எல்லைக்குப் புறம்பே நின்றன.

பழைய அரக்குப் பொருள்களை வைத்திருக்கும் கண்டி வாசிகள் அவற்றைப் பொக்கிஷமாகப் பேணட்டும். ஆனால், வெடித்து உதிரும் அரக்கு குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். புதிதாகத் தொட்டிலோ பொம்மையோ வாங்கும் பெற்றோர், பூசிய வர்ணம் எத்தகையது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே விலை பேசுவார்களாக.