உடம்பில்லாத மெத்தட் எதற்கு?



காந்திபுரத்தில் நான் பிளஸ் டூவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த வருஷங்களில் 'மரபுரிமம்' பாடம் சுலபமாகப் புரிந்துவிடும். தாத்தா காடு அப்பாவுக்கு, அப்பா காடு பிள்ளைகளுக்கு. ஆனால் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் எழுதாத 'அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்' எதற்கு என்று, கல்லூரிக்குப் போன பிறகும் வந்து கேட்பார்கள். அதன் வரலாறு இது.

1960களில் நார்வேயின் ஓஸ்லோவில் ஓலே-யோஹன் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் பாலத்துச் சுங்கச்சாவடி. லாரியும் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. வரிசையில் நிற்பது பொது. மற்றது வேறு வேறு. பொதுவானதை ஒரு முறை எழுதி, மீதியை வாரிசுகள் சேர்த்துக்கொள்ளட்டும் என்று யோசித்தார்கள். சிமுலா 67இல் கிளாஸ், சப்கிளாஸ், வாரிசு மாற்றி எழுதக்கூடிய 'விர்ச்சுவல்' செயல் எல்லாம் வந்தன.

நம் பக்கத்துக் கணக்காகப் பாருங்கள். பனியன் கம்பெனி சம்பள புரோகிராம். பெயர், அட்வான்ஸ் பிடித்தம் எல்லோருக்கும் பொது. தாய் கிளாஸில் எழுதிவிடலாம். கூலி? ஒருவருக்கு ஷிப்ட், ஒருவருக்கு பீஸ் ரேட். தாய் கிளாஸில் பூஜ்யம் என்று எழுதி வைத்தால், நாளை புதுப் பிரிவு சேர்ப்பவர் கூலிக் கணக்கை மறந்தாலும் புரோகிராம் சத்தமில்லாமல் ஓடும். சனிக்கிழமை சாயங்காலம் ஓர் அம்மா கைக்கு வெறும் கவர் போகும்.

ஸ்மால்டாக் மொழியில் இந்த இடத்துக்கு 'சப்கிளாஸ் ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்று பெயர். வாரிசின் பொறுப்பு என்று அர்த்தம். ஆனால் நிரப்பாதது ஓடும்போதுதான் தெரியும். 1989இல் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப்பின் சி பிளஸ் பிளஸ் 2.0 பதிப்பு இதை மாற்றியது. நிரப்பாத கிளாஸிலிருந்து பொருள் உண்டாக்கினால் கம்பைலரே தடுத்துவிடும். 1995இல் வந்த ஜாவா 'அப்ஸ்ட்ராக்ட்' என்றே சொல் கொடுத்தது. இன்று நம் பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கும் பைத்தானிலும் 2008 முதல் இந்த வசதி உண்டு. அங்கே பொருளை உருவாக்கும் நேரத்தில் பிழை காட்டும்.

டாலும் நிகார்டும் 2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது பெற்றார்கள். 2002இல் இருவருமே காலமானார்கள்.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பிள்ளைகளே, விடை தெரியாத இடத்தில் ஒப்புக்கு பூஜ்யம் போட்டு வைக்காதீர்கள். 'இது நிரப்ப வேண்டிய இடம்' என்று அறிவித்துவிடுங்கள். கம்பைலர் திட்டினால் நமக்கு ஐந்து நிமிஷ வேலை. கூலி வராத வீட்டுக்கு ஒரு வாரச் செலவு.

சம்பளக் கணக்கு புரோகிராம் எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே சொல்லுங்கள். நல்லா இருங்க கண்ணுகளா.