கூர்மையும் கையும்: சவரக்கத்தியின் வரலாறு

மழித்தல் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. கூடாவொழுக்கத்தைக் கண்டிக்கும் வள்ளுவர், துறவியின் புறக்கோலங்களுள் ஒன்றாக அதனைச் சுட்டுகிறார். ஆயின், மழிக்கும் கத்தியையும் அக்கத்தியைப் பிடித்த கையையும் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. வாளையும் வேலையும் பாடிய அளவிற்குப் புலவர்கள் சவரக்கத்தியைப் பாடவில்லை. பகையின்றிக் கழுத்தருகே வந்து, காயமின்றி மீளும் இரும்பு என்னும் சிறப்பு அதற்கு உண்டு.

முகமழிப்பில் வேண்டப்படுவன இரண்டு. மயிர் ஒட்ட நீங்க வேண்டும். தோல் நோவாதிருக்க வேண்டும். இவ்விரண்டும் எளிதில் இணங்குவன அல்ல. ஒட்ட மழிக்க அழுத்தினால் தோல் கீறும். தோலுக்கு அஞ்சினால் மயிர் எஞ்சும். இம்முரணைத் தீர்க்க மனிதன் நாடிய துணைகள் எஃகின் கூர்மையும் கையின் பயிற்சியும் ஆகும். சவரக்கத்தியின் வரலாறு இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலின் வரலாறே எனலாம்.

முதலில் கூர்மையைக் காண்போம். பண்டை எகிப்தியர் வெண்கலக் கத்தியால் மழித்தனர். மெல்லிய விளிம்பு நெடுநாள் நிற்க நல்ல எஃகு தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740-களில் மண்குகையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டார். தென்னிந்தியக் கொல்லர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வாறு மண்குகையில் எஃகு ஆக்கி வந்தனர். பதிற்றுப்பத்துச் சுட்டும் கொடுமணம் எனக் கருதப்படும் கொடுமணலில், இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு என வழங்கிய இவ்வெஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இதனை ஆராய்ந்து இலண்டன் ராயல் கழகத்தின் முன் கட்டுரை அளித்தார். இலண்டன் கத்திக் கொல்லர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் இதுவே மேல் எனத் தம் விளம்பரச் சீட்டிலேயே அறிவித்து, அதனால் சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்தார். அவருடன் கூடி ஊட்ஸின் இயல்பை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகனான அவ்வறிஞர், ஆய்வில் உருவான எஃகால் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

எனினும் கூர்மை மட்டும் போதாது. கத்தியைத் தோலின்மீது ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் சாய்த்து, மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மயிர் வளரும் திசையறிந்து நகர்த்தல் வேண்டும். இப்பயிற்சி நெடுங்காலம் முடிதிருத்துவோரிடமே இருந்தது. அதனைப் பிறர்க்கும் கற்பிக்க முனைந்தவர் பாரிசு நகரத்துக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே. தானே சவரம் செய்துகொள்ளும் கலையைப் பற்றி 1769-இல் அவர் ஒரு நூலே எழுதினார். தச்சரின் இழைப்புளி மரத்தை அளவாகச் சீவுவதைக் கண்டு, கத்திக்கு மரக்காப்பு அமைத்தவரும் அவரே.

அக்காப்பை உலகெங்கும் கொண்டு சென்றவர் அமெரிக்க விற்பனையாளர் கிங் கேம்ப் ஜில்லெட். பயன்படுத்தியபின் எறியத்தக்க மெல்லிய தகடு என்னும் எண்ணம் 1895-இல் அவருக்குத் தோன்றியது. அத்தகைய தகட்டிற்குக் கூர் ஏற்ற இயலாது என வல்லுநர் பலர் கூறினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற வில்லியம் நிக்கர்சன் அதனை இயலச் செய்தார். 1903-இல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டபின் அது வீடுதோறும் புகுந்தது. கோணத்தைக் காக்கும் பொறுப்பு கையிலிருந்து கருவிக்கு மாறியது. சாணைக்கல்லும் தோல்வாரும் மறைந்தன. அவற்றோடு கூர் தீட்டும் அறிவும் வீட்டை விட்டு நீங்கியது.

1971-இல் ஈரலகு ரேசர் வந்தது. பின்னர் அலகுகள் மூன்றாகவும் ஐந்தாகவும் பெருகின. முதல் அலகு மயிரைச் சற்றே இழுக்க, அடுத்தது இன்னும் தாழ வெட்டுகிறது. சுருள்மயிர் உடையோர்க்கு இதுவே தீங்காவதுண்டு. தோலுக்குக் கீழே வெட்டுண்ட மயிர் உள்நோக்கி வளர்ந்து கொப்புளமாகும். அவர்க்கு ஓரலகே நன்று. மின்சவரக் கருவி அவ்வளவு ஒட்ட மழிக்காது. எனினும் கீறலுக்கு அஞ்சுவோர்க்கு ஏற்றது. கத்தி எதுவாயினும் சில நெறிகள் மாறவில்லை. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய மயிர் மென்மையுற்று எளிதில் அறுபடும். நுரை அந்நீரைக் காக்கும். முதல் இழுப்பு மயிரின் போக்கிலேயே அமைதல் நலம். அழுத்தம் வேண்டுவதில்லை.

இந்நெறிகளைத் தமிழகத்து முடிதிருத்துநர் நூலின்றி அறிந்திருந்தனர். அவர்தம் அடைப்பத்தில் கத்தியோடு கல்லும், கிண்ணமும், கீறலில் தடவப் படிகாரமும் இருந்தன. அக்கைகளே புண்ணையும் கட்டியையும் அறுத்து மருந்திட்டன. அவர்தம் இல்லப் பெண்டிர் மருத்துவச்சியராய்ப் பிள்ளைப்பேறு பார்த்தனர். இங்கிலாந்திலும் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் ஒரே சங்கத்தினராய் இருந்தனர். 1745-இல் பிரிந்த அறுவை மருத்துவர் பெருமதிப்புப் பெற்றனர். இங்கோ மருத்துவர் என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. தொழில் பிறரிடம் சேர்ந்தது. சாதியின் இழிவு அவர்மேல் ஏற்றப்பட்டது. பிறர் கழுத்தைத் தம் கையில் ஏந்தியோரைச் சமூகம் தீண்டத் தயங்கியது என்பது வரலாற்றின் பெருமுரண்.

1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் வளர்ந்த விழிப்புணர்வால், சலூன்களில் ஆளுக்கொரு புதுப் பிளேடு என்பது நெறியாயிற்று. பிளேடை இரண்டாய் ஒடித்துப் பாதியைப் பிடியில் செருகும் வழக்கம் பரவியது. எஃகு மாறினும் கோணமறிந்த கை அதுவே.

2020-இல் அதே மாசசூசெட்ஸ் கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எஃகு மயிரினும் ஏறத்தாழ 50 மடங்கு கடியது. ஆயினும் மயிர் அதன் விளிம்பைச் சில்லு சில்லாக உடைக்கிறது. எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒருசீராய் இல்லாமையும், மயிர் வளைந்து கத்தியைச் சந்திக்கும் கோணமும் அதற்குக் காரணங்கள் என அவர்கள் கண்டனர். கொடுமணல் கொல்லரும் இலண்டன் ஃபாரடேயும் தேடிய நல்லெஃகு இன்னும் தேடலுக்கு உரியதாகவே உள்ளது. கத்தியைச் செய்தோர் பலரின் பெயர்கள் காப்புரிமை ஏடுகளில் நிலைத்துள்ளன. அதனைத் தினமும் தீட்டி, பிறர் முகத்தில் ஒரு துளிக் குருதியும் சிந்தாது பணியாற்றியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. முகமழிப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் தொடங்க வேண்டிய இடம் அவர்தம் அடைப்பமே.