பௌத்திரத்துக்கு இடும் நூல்: எந்த நூல், எந்த வேலைக்கு?

மலவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துவாரம். அதிலிருந்து சீழோ இரத்தம் கலந்த நீரோ கசிகிறது. சில நாட்கள் மூடிக்கொள்கிறது. பிறகு வீங்கி, வலித்து, உடைந்து மறுபடியும் கசிகிறது. இதுதான் பௌத்திரம். இதை மூலம் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் களிம்பு பூசுபவர்கள் இருக்கிறார்கள். வெட்கத்தால் வீட்டாரிடம்கூடச் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயிக்கே இந்த நோய் வந்து, 1686ஆம் ஆண்டு சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருந்தது. மறைக்க வேண்டிய நோய் இது இல்லை.

சிக்கலான பௌத்திரத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் பலருக்கு மலவாசலருகே ஒரு நூலோ மெல்லிய ரப்பர் வளையமோ கட்டப்பட்டிருக்கும். மருத்துவர்கள் இதை 'சீட்டன்' என்பார்கள். இதைக் கண்டு பலர் குழம்பிப் போகிறார்கள். நூலை எடுக்க மறந்துவிட்டார்களா? விலை கூடிய நூல் போட்டிருந்தால் விரைவில் சுகமாகியிருக்குமா? இந்தக் கேள்விகளுக்கான விளக்கமே இக்கட்டுரை.

ஏன் வெட்டித் திறக்காமல் நூல் இடுகிறார்கள்?

மலவாசலின் உட்பக்கத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்று அடைபட்டுக் கிருமி தொற்றினால் சீழ்க்கட்டி உருவாகிறது. அந்தச் சீழ் தோலை நோக்கி வழி தேடும்போது ஒரு சிறிய சுரங்கம் போன்ற பாதை உண்டாகி, பலருக்கு அது ஆறாமல் நிலைத்துவிடுகிறது.

மலத்தை அடக்கி வைப்பது மலவாசலைச் சுற்றியுள்ள உள், வெளிச் சுருக்குத்தசைகள். பாதை தோலுக்கு அருகே, தசையைச் சிறிதளவே தொட்டுச் சென்றால் அதைக் கீறித் திறந்துவிடலாம். பெரும்பாலும் அத்துடன் சுகம். ஆனால் பாதை தசையின் பெரும்பகுதியை ஊடுருவிச் சென்றால், அதைக் கீறுவது தசையையே வெட்டுவதாகிவிடும். வெட்டுப்பட்ட தசை பழைய பலத்தைப் பெறுவதில்லை. வாயுவையும் மலத்தையும் அடக்க முடியாத நிலை வரலாம்.

பாதை பல கிளைகளாகப் பிரிந்திருந்தாலும், ஒருமுறை ஆறித் திரும்ப வந்திருந்தாலும், பெண்களுக்கு முன்பக்கமாக அமைந்திருந்தாலும், குரோன் எனப்படும் குடல் அழற்சி நோயோ காசநோயோ காரணமாக இருந்தாலும் அதைச் சிக்கலான பௌத்திரம் என்கிறார்கள். இத்தகையவர்களுக்கே நூல் பயன்படுகிறது. வெளித் துவாரத்தின் வழியாக நுழைத்து, உள் துவாரத்தால் எடுத்து, மலவாசல் வழியே வெளியே கொண்டுவந்து வளையமாகக் கட்டுவார்கள்.

வடிக்கும் நூலும் வெட்டும் நூலும்

பொருளைப் பற்றிக் கேட்குமுன் நூலின் வேலையைக் கேட்கவேண்டும். வேலை இரண்டு வகை.

முதலாவது, தளர்வாகக் கட்டப்படும் வடிநூல். துவாரம் மூடிக்கொள்ளாமல் இது பார்த்துக்கொள்ளும். சீழ் தேங்காமல் நூலின் ஓரமாக வடிந்துவிடும். புதிய சீழ்க்கட்டி உருவாகாது; தசைக்கும் சேதமில்லை.

இரண்டாவது, இறுக்கிக் கட்டப்படும் வெட்டுநூல். சில வாரங்களுக்கு ஒருமுறை இறுக்கப்பட்டு, தசையை மெதுவாக அறுத்துக்கொண்டு வெளியே வரும். அறுபடும் இடம் பின்னாலேயே ஆறிவருவதால் தசை விலகிப் போகாது என்பதே இதன் அடிப்படை. ஆனால் வலி அதிகம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஒரு மீளாய்வில், வெட்டுநூல் இட்டவர்களில் சராசரியாக 12 சதவீதமானோருக்கு மலக்கட்டுப்பாட்டில் குறை ஏற்பட்டது தெரியவந்தது. அதனால் இன்று பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் வடிநூலையே விரும்புகிறார்கள்.

பொருட்களின் ஒப்பீடு

குதிரை மயிரையும் நூலையும் கொண்டு பௌத்திரத்துக்குச் சிகிச்சை செய்வதைப் பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களே விவரிக்கின்றன. இன்று பயன்படுபவை இவை.

பட்டு நூல்: விலை குறைவு, எங்கும் கிடைக்கும், முடிச்சு உறுதியாக நிற்கும். ஆனால் பல இழைகளைப் பின்னிச் செய்தது என்பதால் ஈரத்தை உறிஞ்சும். இழைகளுக்கிடையே கிருமிகள் தங்கும். சுற்றியுள்ள சதையை உறுத்தித் தழும்பு உண்டாக்கும். இதனாலேயே வெட்டுநூலாகப் பயன்பட்டு வந்தது. மாதக்கணக்கில் வைத்திருக்க ஏற்றதல்ல.

நைலோன், பொலிப்புரொப்பிலீன் நூல்: ஒற்றை இழை, வழுவழுப்பானது, உறுதியானது. கிருமிகள் தங்குவது குறைவு. ஆனால் விறைப்பானது. வெட்டிவிட்ட நுனிகள் முள்போலக் குத்தும். சைக்கிளில் போகிறவர்களும் நிலத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் இதை அதிகம் உணர்வார்கள். குத்தினால் பொறுத்துக்கொண்டிருக்காமல் கிளினிக்கில் சொன்னால் நுனியைச் சீர்செய்து விடலாம்.

சிலிக்கன் வளையம்: சத்திரசிகிச்சையின்போது இரத்தக்குழாய்களைப் பிடித்துவைப்பதற்காகச் செய்யப்பட்ட மெல்லிய, இழுபடும் நாடா. மிருதுவானது, சதையை உறுத்தாது, ஈரத்தை உறிஞ்சாது. மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய வடிநூலுக்கு மிகவும் பொருத்தமானவற்றில் ஒன்று. இதன் முடிச்சு வழுக்கும் என்பதால் இரு முனைகளையும் பட்டு அல்லது நைலோன் நூலால் சேர்த்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டு அவிழ்ந்தால் வளையம் கழன்று விழலாம்.

ரப்பர் நாடாவும் மெல்லிய குழாயும்: கிருமிநீக்கிய கையுறையின் விளிம்பிலிருந்து வெட்டிய நாடாவையோ, குழந்தைகளுக்குப் பாலூட்டும் மெல்லிய குழாயையோ பயன்படுத்தும் இடங்களும் உண்டு. நாடா மிருதுவானது, ஆனால் நாட்பட நைந்து அறுந்துபோகும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். குழாய் சற்று விறைப்பானது.

முடிச்சில்லா வளையம்: இரு முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்யப்பட்டது. முடிச்சு உறுத்துவதில்லை. ஆனால் விலை கூடியது.

காரநூல்: இது ஆயுர்வேத முறை. லினன் நூலுக்கு இலைக்கள்ளிப் பால், நாயுருவிக் காரம், மஞ்சள் ஆகியவற்றை வரிசையாக 21 முறை பூசிக் காயவைத்துச் செய்வார்கள். வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்படும். இந்தியாவில் பல வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்வில், காரநூல் இட்டவர்களில் 4 சதவீதமானோருக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 11 சதவீதமானோருக்கும் நோய் திரும்பியது. ஆனால் ஆறுவதற்குக் காரநூலில் 8 வாரங்களும் சத்திரசிகிச்சையில் 4 வாரங்களும் எடுத்தன. காரநூலும் மெதுவாக வெட்டும் நூலே. ஆகவே தசையில் ஆழமாகச் செல்லும் பௌத்திரத்தில், பாதை எங்கே போகிறது என்று சோதித்த பின்னரே, பதிவுபெற்ற, பயிற்சியுள்ள மருத்துவரிடம் மட்டுமே செய்யவேண்டும். சுவரொட்டி பார்த்துப் போகும் இடத்தில் வேண்டாம்.

சுருங்கச் சொன்னால், வடிநூலின் வேலையை இவற்றில் பலவும் செய்யும். பொருள் மாறினால் மாறுவது பெரும்பாலும் உறுத்தலும், எத்தனை மாதம் தாங்கும் என்பதும்தான். விலை குறைந்த நூல் இட்டிருப்பதால் தரம் குறைந்த சிகிச்சை கிடைத்துவிட்டதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

போரில் காயப்பட்டவர்கள் கவனிக்க வேண்டியவை

சிக்கலான பௌத்திரத்தின் பாதையைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பது வழக்கம். உடலில் ஷெல் துண்டோ வேறு உலோகமோ இருப்பவர்கள், அல்லது இருக்கக்கூடும் என்று சந்தேகிப்பவர்கள், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லவேண்டும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய்கள் ஆகியவற்றுக்கு அருகில் உள்ள துண்டுகள் காந்தப்புலத்தில் அசைந்து ஆபத்தை உண்டாக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்கான் முடியாவிட்டால், மலவாசல் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட், மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனை என வேறு வழிகள் உள்ளன.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்பகுதியில் வலி தெரியாது. வீக்கம், நாற்றம், உள்ளாடையில் கறை, காரணமில்லாத காய்ச்சல் ஆகியவையே அறிகுறிகள். ஆறாத படுக்கைப்புண்ணுக்கும் பௌத்திரத்துக்கும் தொடர்பிருக்கிறதா என்று மருத்துவர் சோதிக்கவேண்டும். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உணராத சீழ்க்கட்டியே திடீர்த் தலையிடி, அதிக வியர்வை, இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றை உண்டாக்கலாம். அது அவசர நிலை.

இடுப்பிலோ மலவாசலருகிலோ காயப்பட்டவர்களுக்கும், பிரசவத்தில் தசை கிழிந்த பெண்களுக்கும் சுருக்குத்தசை ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். வெட்டுநூல் இவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. பழைய காயத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு இப்பகுதியைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையே பெரும் வேதனையாக இருக்கலாம். நடந்ததை விவரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யும்படியும், நம்பிக்கையான ஒருவரை அருகில் வைத்திருக்கவும், மயக்கமருந்து கொடுத்தபின் பரிசோதிக்கும்படியும் கேட்கலாம்.

நூலோடு வாழும் நாட்களில்

கசிவு இருந்துகொண்டுதான் இருக்கும். நூல் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சுத்தமான துணியோ பாட்டோ வைத்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். மலம் கழித்தபின் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் உட்காருவது இதம் தரும். குளிக்கலாம், நடக்கலாம், உடல் இடம் கொடுத்தால் வேலைக்கும் போகலாம். மலம் இறுகாமலிருக்க நீரும் கீரை, பழங்களும் உதவும். நீரிழிவு உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைக்கவேண்டும். நூலை நீங்களாக இழுக்கவோ வெட்டவோ வேண்டாம்.

காய்ச்சல், புதிய வீக்கம், கூடிவரும் வலி, வடிந்துகொண்டிருந்த சீழ் திடீரென நின்று வலிப்பது, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நூல் கழன்று விழுந்தால் பயப்படவேண்டாம். ஆனால் சில நாட்களுக்குள் காட்டுங்கள்.

வடிநூல் பெரும்பாலும் முதற்படிதான். அழற்சி அடங்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை எடுக்கும். பின்னர் தசையை வெட்டாமல் பாதையை மூடும் சத்திரசிகிச்சைகள் உள்ளன. குரோன் நோயாளருக்கு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படும். சிலருக்கு நூலை நீண்டகாலம் வைத்திருப்பதே பாதுகாப்பான தெரிவாக அமையும். நாட்பட்டும் ஆறாத பௌத்திரத்தில் காசநோய், அரிதாகப் புற்றுநோய் உள்ளதா என்று சதையெடுத்துச் சோதிப்பதும் முக்கியம்.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இது வடிக்கும் நூலா, வெட்டும் நூலா? என்ன பொருளால் ஆனது, எப்போது மாற்றவேண்டும்? என் தசையில் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டுள்ளது? நூலுக்குப் பிறகு என்ன திட்டம்? பதில்களைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்த்தாலும் சிகிச்சை தடம் மாறாது.