இழை மாற்றத்தில் எதைச் சேமிப்பது? அழைப்பு உடன்படிக்கையும் சூழல் மீட்பும்

ஓர் இழையை நிறுத்தி இன்னோர் இழையை ஓடவிடும்போது, நிறுத்தப்பட்ட இழையின் சூழலைச் சேமித்துப் பின்னர் பிசகின்றி மீட்பது இழை நூலகத்தின் முதற்கடமை. எல்லாப் பதிவகங்களையும் சேமிப்பதே பாதுகாப்பு என்ற கருத்து மாணவரிடையே எளிதில் வேரூன்றுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. எதைச் சேமிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது செயலியிலுள்ள பதிவகங்களின் எண்ணிக்கையன்று. மாற்றம் நிகழும் இடமே.

எம்.ஐ.டி. உருவாக்கிய கற்பித்தல் பணிசெயல் முறைமையான எக்ஸ்வி6 இதற்குத் தெளிவான சான்று. அதன் ரிஸ்க்-வி வடிவத்தில், கேர்னலுக்குள் ஓர் இழையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் சார்பு 14 பதிவகங்களையே சேமிக்கிறது: திரும்பும் முகவரி, அடுக்குச் சுட்டி, எஸ்0 முதல் எஸ்11 வரையானவை. பயனர் செய்நிரல் குறுக்கீட்டினால் நிறுத்தப்படும்போதோ 31 பொதுப் பதிவகங்களும் சேமிக்கப்படுகின்றன. முதல் மாற்றம் ஒரு சார்பு அழைப்பு. எந்தப் பதிவகத்தை அழைத்தவர் காப்பது, எதை அழைக்கப்பட்ட சார்பு காப்பது என்று வகுக்கும் விதியே அழைப்பு உடன்படிக்கை. அதன்படி, அழைத்தவருக்குத் தேவையான ஏனைய பதிவகங்களைத் தொகுப்பான் முன்கூட்டியே அடுக்கில் வைத்துவிடுகிறது. குறுக்கீடு எந்த அறிவுறுத்தலுக்கு இடையிலும் வரக்கூடும். அங்கே அத்தகைய ஆயத்தம் இல்லை.

கோ மொழியின் வரலாறும் இதையே உறுதிசெய்கிறது. 2020இல் வெளியான 1.14 பதிப்பு, நீண்டு ஓடும் கோரூட்டினை, அதாவது அம்மொழியின் இலகு இழையை, சிக்னல் மூலம் இடைநிறுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. அந்தப் பாதையில் மட்டும் பதிவகங்கள் முழுமையாகச் சேமிக்கப்படுகின்றன. வழக்கமான மாற்றத்தில் அது தேவைப்படுவதில்லை.

பயனர் மட்டத்தில் சூழலை மாற்ற சி நூலகங்கள் தரும் ஸ்வாப்கான்டெக்ஸ்ட் சார்பு, சார்பு அழைப்பு, குறுக்கீடு ஆகிய இவ்விரு நிலைகளையும் கலந்துவிட்டது. சிக்னல் மறைப்பையும் சூழலின் பகுதியாக அது கொள்வதால், லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முறைமை அழைப்பு தேவைப்படுகிறது. பயனர் மட்டத்திலேயே இழை மாறுவதால் கிடைக்கும் ஆதாயம் இதனால் பெருமளவு குறைகிறது.

குறைவாகச் சேமிப்பது ஆபத்தன்றோ என்று கேட்கலாம். உடன்படிக்கையை அறியாமல் குறைத்தால் ஆபத்தே. ஆர்ம் 64-பிட் செயலியில் டி8 முதல் டி15 வரையான மிதவைப் புள்ளிப் பதிவகங்களையும் அழைக்கப்பட்ட சார்பே காக்க வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் செய்நிரல் நிற்காது. கணக்கு மட்டும் தவறும். இதற்குத் தீர்வு அனைத்தையும் அள்ளிச் சேமிப்பதன்று, உடன்படிக்கையைக் கற்பதே.

அப்படிக் கற்பதற்கான வாய்ப்பு எளிதானதே. இலங்கையின் கிழக்குக் கரையோர நகரான கல்முனைக்கு அண்மையில், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகிறது. இக்கரையோரத்துப் பாடசாலைகளில் தமிழில் உயர்தரம் கற்ற மாணவர்களுக்கு இந்த 14 பதிவகங்கள் நல்ல தொடக்கமாகும். எக்ஸ்வி6 கட்டணமின்றிக் கிடைக்கிறது. கியூஈஎம்யூ போலியாக்கியின் உதவியால் சாதாரண கணினியிலேயே ஓடும். மாற்றச் சார்பை மாணவர் கையால் எழுத வேண்டும். பின்னர் ஒவ்வொரு பதிவகமாக நீக்கி, எது எங்கே பழுதாகும் என்பதை ஓட்டிப் பார்க்கும் முன்னரே தமிழில் காரணத்தோடு எழுத வேண்டும். அந்தக் காரணத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர், இதுவரை கண்டிராத செயலிக்கும் இழை நூலகம் எழுதும் தகுதியைப் பெறுகிறார்.