ஒற்றைப் பிரதியின் வரலாறு

எழுத்து நிலைபெறுவது அதனைத் தாங்கும் பொருளின் வலிமையினால் என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். வரலாறு காட்டும் உண்மை வேறு. பனையோலை சில நூற்றாண்டுகளிற் செல்லரித்து உதிரும் பொருளே. ஆயினும் தலைமுறைதோறும் எவரோ ஒருவர் எழுத்தாணி பிடித்துப் படியெடுத்தமையால் தொல்காப்பியம் நம்மை வந்தடைந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும் இப்பணியின் தொடர்ச்சியே.

படியெடாதவற்றின் கதி யாது? 1981 மே இறுதியில் தொடங்கிய வன்செயலின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களிற் பல வேறிடங்களிற் கிடைத்தன. ஒற்றைப் பிரதியாயிருந்த ஏடுகள் மீளவேயில்லை. பின்னர் போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவும் காணி உறுதிகளையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் இழந்து அலுவலகந்தோறும் அலைந்தன.

1956இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் கணினிக்கான முதல் வன்தட்டை வெளியிட்டது. ஐம்பது தட்டுகள், ஒரு தொன்னுக்கு அதிகமான நிறை. கொள்ளளவோ ஐம்பது இலட்சம் எழுத்துகள். பெருநிறுவனங்களுக்கே எட்டிய அக்கருவி இன்று கையடக்கமாகச் சாதாரண வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. ஒரு டெராபைட் வன்தட்டு இலட்சம் கோடி பைட்டுகளைக் கொள்ளும். ஆயினும் அதுவும் ஓலையைப் போல அழியக்கூடியதே. கீழே விழுந்தாலும் இடி மின்னல் தாக்கினாலும் ஒரு நொடியில் யாவும் போய்விடும்.

ஆதலின், கையிலுள்ள பணத்துக்குப் பெரிய வன்தட்டு ஒன்றை வாங்குவதினும் அளவான இரண்டை வாங்குதலே அறிவுடைமை. அவை வெவ்வேறு நிறுவனத்தினவாயிருப்பின் ஒரே குறைபாடு இரண்டையும் தாக்காது. ஒரே பெட்டியுள் இரு தட்டுகளை இணைத்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியச் செய்வோர் உளர். தட்டொன்று பழுதானால் அம்முறை உதவும். தவறி அழித்த கோப்போ இரண்டிலும் அழியும். தீயும் திருட்டும் இரண்டையும் கொண்டுபோகும். எனவே ஒரு பிரதி வேறோர் ஊரில், நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் கோப்புகளைத் திறந்து பார்த்து, சில ஆண்டுகளுக்கொரு முறை புதிய தட்டுக்கு மாற்றுவதும் கடன். அன்று ஓலைக்குச் செய்ததும் இதுவே.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இப்பணியைச் சமூகத்தின் பொருட்டுச் செய்துவருகிறது. ஆயினும் உழைக்கும் மக்களின் கடிதங்களையும் உறுதிகளையும் நிழற்படங்களையும் காக்க எந்த ஆவணக்காப்பகமும் வீடு தேடி வரப்போவதில்லை. அவற்றை நாமே படியெடுத்து வைத்தல் வேண்டும்.