என்னைத் தெரியுதா?

கல்யாண வீட்டு வாசலில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. கேட்கிறவருக்கு விளையாட்டு, எனக்குப் பரீட்சை. சில பேருக்கு முகம் மனதில் தங்குவதில்லை. கண்ணில் கோளாறு கிடையாது, புத்தியும் மந்தமில்லை. மூக்கு, மீசை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். எல்லாம் சேர்ந்து யார் என்பதுதான் பிடிபடாது. நான் அந்த ரகம்.

பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ 1883-இல் இப்படி ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். பல மொழி படித்த வியாபாரி. பொதுக்கூடம் ஒன்றில் எதிரே வந்தவர் வழியை மறிக்க, மன்னிப்புக் கேட்கப் போனார். பார்த்தால் கண்ணாடியில் அவரே! பிரெஞ்சில் படித்தவன் என்பதால், அவர் "பர்தோன்" என்று வாயெடுத்தது எனக்குக் காதிலேயே கேட்கிறது.

1947-இல் போடாமர் என்ற ஜெர்மன் மருத்துவர், தலையில் காயம்பட்ட போர்வீரர்களைப் பார்த்து இதற்குப் பெயர் வைத்தார். பிரெஞ்சில் ப்ரொஸொபாக்னொஸி. கிரேக்கத்தில் ப்ரொஸொபோன் என்றால் முகம், அக்னோசியா என்றால் அறியாமை. அடிபடாமல் பிறவியிலேயே வருவதும் உண்டு. நூற்றுக்கு இரண்டு பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றியும் 1985-இல் வந்த புத்தகத்தில் எழுதிப் புகழ்பெற்ற மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கே இந்தக் குறை இருந்தது.

நமக்குத் தமயந்தி இருக்கிறாள். சுயம்வரத்தில் தேவர்கள் நால்வரும் நளன் முகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முகத்தை நம்பியிருந்தால் அவள் கதை முடிந்திருக்கும். கண் இமைக்கிறதா, கால் தரையில் படுகிறதா, மாலை வாடுகிறதா என்று பார்த்தாள். பிறகு நளன் உருமாறிச் சமையல்காரனாக வந்தபோதும் அவன் சமைத்ததை ருசி பார்த்தே கண்டுகொண்டாள். எங்கள் பிழைப்பும் அதுவேதான். குரல், நடை, குடை பிடிக்கிற தினுசு.

ஆபீசில் இந்த வித்தை ஓடியது. அவரவர் நாற்காலியில் அவரவர். வெளியேதான் சங்கடம். கடைத்தெருவில் வேட்டியோடு வந்த மேலதிகாரி ஒருவர், நான் வணக்கம் வைக்காததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது வடக்குப்பட்டில் இன்னும் கஷ்டம். 2022-இல் தொல்லியல் துறை இங்கே தோண்டிக் கற்காலக் கருவிகளை எடுத்தது. சாதாரணக் கல்லுக்கும் கருவிக்கும் வித்தியாசம் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கோ, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பையன்கள் எல்லாரும் ஒன்றுதான். ஒரே சட்டை, ஒரே பை, ஒரே ஷூ. அதில் என் பேரன் எவன் என்று அவன் "தாத்தா" என்று கூப்பிடுகிறவரை தெரியாது. அவனுக்கு விஷயம் தெரியும். படியில் கால் வைக்கும்போதே கூப்பிட்டுவிடுவான்.