செல்லை எட்டும் அளவு: நுண்பாய்மக் கருவிகளில் மருந்தேந்தித் துகள்களின் சோதனை

மருந்தைச் சுமக்கும் லிப்போசோம், பாலிமர், பொன் நானோ துகள்கள் பெரும்பாலும் குழித்தட்டுகளிலேயே சோதிக்கப்படுகின்றன. குழியின் அடியில் செல்கள் ஒட்டி வளர, மேலுள்ள ஊடகத்தில் துகள்கள் கலக்கப்படுகின்றன. சில மணி நேரத்துக்குப் பின் கழுவி, உள்ளே புகுந்தவை அளக்கப்படுகின்றன. முடிவுகள் கலந்த செறிவைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன. பிழை தொடங்குவது இங்கேதான். கலந்த செறிவு வேறு, செல்லை எட்டிய அளவு வேறு.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யூனான் ஷியா குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை ஐயமின்றிக் காட்டியது. பொன் துகள் கலந்த ஊடகத்தில் செல்களை வழக்கம்போல் அடியிலும், கவிழ்த்து மேற்புறத்திலும் வைத்துப் பார்த்தனர். வேகமாகப் படியும் துகள்களை அடியிலிருந்த செல்களே மிகுதியாக உள்ளிழுத்தன. செல்லின் தேர்வு என்று எண்ணப்பட்டதில் ஒரு பங்கு வெறும் புவியீர்ப்பின் விளைவு.

நுண்பாய்மக் கருவியில் செல்கள் மெல்லிய வாய்க்காலின் தரையில் வளர்கின்றன. சிரிஞ்சு பம்பு துகள் கலந்த ஊடகத்தைச் சீராகச் செலுத்துகிறது. ஓட்டம் கொந்தளிப்பின்றி வரிச்சீராக இருப்பதால் ஓட்டம் செல்களை உரசி இழுக்கும் சறுக்குத் தகைவைக் கணக்கிட முடிகிறது. 1 மில்லிமீட்டர் அகலமும் 100 மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட வாய்க்காலில், சிரைகளில் நிலவும் 0.1 பாஸ்கல் தகைவைப் பெற நிமிடத்துக்குச் சுமார் 14 மைக்ரோலிட்டர் ஓட்டம் போதும். உயரத்தைப் பாதியாக்கினால், அதே ஓட்டத்தில் தகைவு நான்கு மடங்காகும். வாய்க்காலை வார்ப்பதில் நேரும் சிறு பிசகுகூட முடிவை மாற்றிவிடும் என்பதால், உயரத்தை அளந்து குறிப்பிடாத ஆய்வை நம்புவது கடினம்.

இக்கருவி உடலை ஒத்திருப்பதே அதன் சிறப்பு என்று பலர் வாதிடுகின்றனர். 2010இல் ஹார்வர்டின் விஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழுவினர் உருவாக்கிய நுரையீரல் சில்லு என்னும் நுண்பாய்மக் கருவியில், மூச்சைப் போன்ற இழுவிசை நானோ துகள்கள் செல்லுக்குள் புகுவதைக் கூட்டியது உண்மையே. ஆயினும் இக்கருவியைப் பயன்படுத்த அதைவிட வலுவான காரணம், எட்டும் அளவைக் கணக்கிட இயல்வதுதான்.

100 நானோமீட்டர் துகள் ஒன்று 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள குழியை விரவலால் மட்டும் கடக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். 100 மைக்ரோமீட்டர் வாய்க்காலுக்குப் பதின்மூன்று நிமிடம் போதும். ஆனால் மேற்சொன்ன ஓட்டத்தில் ஊடகம் 1 சென்டிமீட்டர் நீளத்தைச் சராசரியாக நான்கு நொடிகளில் கடந்துவிடுகிறது. எனவே சுவரை ஒட்டிய சுமார் 10 மைக்ரோமீட்டர் படலத்தில் வருபவற்றுக்கே செல்லைத் தொட வாய்ப்புண்டு, மற்றவை வெளியேறிவிடும். இதைக் கணக்கில் கொள்ளாமல், ஓட்டத்தில் துகள்கள் குறைவாகப் புகுகின்றன என்று சொல்வது குழித்தட்டின் பிழையையே வேறு உருவில் தொடர்வதாகும். வாய்க்காலின் அளவுகள், ஓட்ட வீதம், விரவல் குணகம், ஓடிய நேரம், ஊடகம் புதிதா சுழற்சியா என்ற விவரம் ஆகியவை முடிவோடு சேர்ந்தே வெளியாக வேண்டும்.

கருவியின் பொருளும் குறுக்கிடுகிறது. பாலிடைமெத்தில்சிலாக்சேன் என்னும் சிலிக்கோன் ரப்பர், நீரை வெறுக்கும் சிறு மருந்து மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். துகளிலிருந்து கசிந்த மருந்து சுவருக்குள் மறைந்தால், நச்சுத்தன்மை குறைந்ததாகத் தோன்றும். செல்லில்லாத வாய்க்காலில் அதே ஊடகத்தை ஓட்டி, வெளிவரும் மருந்தை அளப்பது இதற்கான சரிபார்ப்பு. உள்ளே நுழையும் காற்றுக்குமிழி செல் படலத்தை உரித்துவிடக்கூடும். சோதனைக்கு முன்னும் பின்னும் செல்களை எண்ணுவது அதனால் தேவையாகிறது.

ஊடகமும் குறுக்கிடுகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயின் நடுவே திரள்வதால் ஓரிரு மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்கள் சுவரை நோக்கித் தள்ளப்படுகின்றன. நானோ துகள்களில் இவ்விளைவு குறைவு. சிவப்பணுக்கள் இல்லாத ஊடகத்தில் பெற்ற துகள்களின் தரவரிசை இரத்தத்தில் மாறக்கூடும். துகளின் பருமனை ஒப்பிடும் ஆய்வுகளில் இரத்தத்தையோ சிவப்பணுக் கலவையையோ ஓட்டிப் பார்ப்பது இன்றியமையாதது.